மஞ்சள் கூண்டில் பாரம்

தனேஸ்வரன் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது பூங்கா வாசலில் பெரிய கூட்டம் நின்றது. பாதிப் பேர் துக்கத்துக்கு வந்தவர்களாகக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள். மீதிப் பேர் பிள்ளைகளோடும் சாப்பாட்டுப் பொட்டலங்களோடும் சுற்றுலா வந்திருந்தார்கள். ஒரு பழைய ராட்டினத்தைக் கழற்றுவதைப் பார்க்க இத்தனை பேர் வருவார்களா என்று கேட்டால், வந்திருந்தார்கள். தாப்பாவிலிருந்து ஒரு வேன், பாகான் செராயிலிருந்து ஒரு வேன், ஈப்போவிலிருந்து கணக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள்.

லகாட் பக்கம் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் யாரோ ஒரு காலத்தில் கட்டிய பூங்கா அது. அதன் ராட்டினத்தில் ஏறி உச்சிக்குப் போனால் சுண்ணாம்பு மலைகளும் ஈயக் குட்டைகளும் ஒரே பார்வையில் தெரியும். பூங்காவை வாங்கிய புது முதலாளி அந்த இடத்தில் தண்ணீர்ச் சறுக்கு கட்டப்போகிறாராம். செய்தி வெளியானதிலிருந்து ராட்டின ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மனுப் போட்டார்கள், பாட்டு எழுதினார்கள், முதலாளியைக் கண்டபடி திட்டினார்கள். இப்போது ஒருவர் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "எங்கப்பா செத்தப்போகூட இந்த மனுஷன் கண்ணுல தண்ணி வரலைலா," என்று அவருடைய மனைவி பக்கத்தில் நின்றவளிடம் அலுத்துக்கொண்டாள்.

"அட்மின் அண்ணே வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். 'லகாட் ராட்டினக் காதலர்கள்' என்ற முகநூல் பக்கத்தை ஆரம்பித்து நடத்துகிறவன் தனேஸ்வரன்தான். நாலைந்து பேர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கண்களைப் பார்க்க முடியாமல் அவன் வானத்தைப் பார்த்தான். பிற்பகல்தான். ஆனால் மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் ஏறி, வெளிச்சம் அழுக்காகிக்கொண்டிருந்தது.

கைப்பேசி ஒலித்தது. புனிதா.

"என்னாங்க, போய்ச் சேந்துட்டீங்களா? நானும் வரட்டா? கிராப் டாக்சி புடிச்சா புந்தோங்லேருந்து எவ்வளவு நேரமாயிரும்?"

"வேணாம்மா," என்றான் அவசரமாக. "மழை வர்ற மாதிரி இருக்கு. ஒரே கூட்டம். உனக்கு சுசாலா, செரமமாயிரும்."

"சரி, சரி. உங்க ராட்டினத்துக்கு நானும் டாட்டா சொன்னேன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இந்த வருஷம்தான் திரும்பி வந்தது. அதற்காக அவன் போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இங்கே ஒரே ஒருவர் புனிதாவிடம் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு போய்விடும். அதனால்தான் அவளை இந்தப் பூங்காப் பக்கமே அவன் வரவிட்டதில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அழாமலே பிறந்தது.

வயிற்றில் இருக்கும்போதே புனிதா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். கண்ணூறு பட்டுவிடும் என்று வேறு யாரிடமும் சொல்லாமல், படுக்கையில் அவன் காதோடு மட்டும் சொல்லுவாள்: நித்திலா. அடக்கம் செய்த அன்று, பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்த உறவுக்காரர்கள் அவனிடம் தணிந்த குரலில் சொன்னார்கள். "பேரு கீரு நெனச்சிருந்தா மனசோட விட்ருங்க. வாய் விட்டுக் கூப்புடக் கூடாது. இந்த மாதிரிப் பிள்ளைக்குப் படையலும் இல்ல, திதியும் இல்ல. பேர் சொல்லிக் கூப்புட்டா அதுக்கு வழி தெரிஞ்சிரும். வந்துரும்."

தனேஸ்வரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அதன் பிறகு பல இரவுகளில் புனிதா தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து "நித்தி..." என்று வாயெடுப்பாள். அவன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்துவான். அவள் அவன் கைக்குள்ளேயே அழுது முடிப்பாள். நாளாக ஆக அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பேசுவதையும் ஏறக்குறைய விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் அவனுக்கிருந்த ஒரே போக்கிடம் இந்த ராட்டினம்தான். அப்போதே ஆள் வரத்து குறைந்து, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. அவனுடைய முகநூல் பக்கத்தையும் சீந்துவாரில்லை. ராட்டினத்தைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் கூசாமல் ஒரு கதையைக் கட்டி எழுதினான். முன்பு தோட்டத்துப் பஸ்ஸில் வந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி மஞ்சள் கூண்டிலிருந்து விழுந்து இறந்தாளாம்; இன்னமும் அவள் அதில் ஏறிச் சுற்றுகிறாளாம். ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அந்த ராட்டினத்திலிருந்து யாரும் விழுந்ததே கிடையாது. கதையிலே பெண்ணுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அவன் விரல் அந்தப் பெயரை அடித்துவிட்டது.

அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. விடிவதற்குள் முகம் தெரியாத யார் யாரோ 'நித்திலா பாப்பா, நல்லா இரு' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லாத பெயரை ஊரே சொன்னது. தனேஸ்வரன் அதை மறுபடி மறுபடி படித்து அழுதான். அது அவனுக்கு இனித்தது. பொய் சொன்னதைக்கூட அவன் தனக்குள் மன்னித்துவிடுவான். அது இனித்ததைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ராட்டினம் பிழைத்துக்கொண்டது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மஞ்சள் கூண்டில் யாரும் ஏறுவதில்லை; பொம்மை வைத்தார்கள், வளையல் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் வாழையிலை போட்டு, பால் சோறும் மிட்டாயும் படைத்து, மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் தடுக்கவில்லை. பத்திரிகையிலிருந்து யாரோ விசாரித்தபோது மட்டும், பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினான். புனிதா முகநூல் பக்கம் போகமாட்டாள், ஆனால் பேப்பர் படிப்பாள்.

"தம்பி, இங்க வாங்க."

ராட்டினத்தை ஓட்டும் சன்னாசி விசைப்பலகைக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார். ரசிகர்கள் ஆசை தீரக் கடைசியாக ஒரு தரம் ஏறிக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. மற்றக் கூண்டுகளிலிருந்து அழுகையும் கூச்சலும் கேட்டன. மஞ்சள் கூண்டு மட்டும் காலியாக இறங்கி வந்தது.

"ஒன்னு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல," என்றார் சன்னாசி மெதுவாக. "மஞ்சக் கூண்டு காலியா ஓடுனாலும் பாரமா இருக்கு. பிரேக் புடிச்சா என் கைக்குத் தெரியும்லா."

"பொம்மையெல்லாம் வச்சிருக்காங்களே அண்ணே."

"பொம்மையெல்லாம் நேத்தே எறக்கிட்டேன். பாருங்க."

பார்த்தான். கூண்டு வெறுமையாக இருந்தது. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அவன் நின்ற பக்கமாக.

"எப்பலேருந்து?" என்றான்.

"நீங்க எழுதுன பொறகு. ஆனா மொதல்ல இவ்வளவு இல்ல." சன்னாசி இன்னும் குரலைத் தாழ்த்தினார். "அதான் எனக்கு வெளங்கல. எட்டு வயசுப் பிள்ளைன்னுதானே நீங்க எழுதினீங்க? மொதல்ல ஒரு கைக்குழந்தை பாரந்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா கூடிக்கிட்டே வருது. நம்ம வீட்டுப் பிள்ளைங்க வளருமே, அந்த மாதிரி."

தனேஸ்வரன் கூண்டை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

கைக்குழந்தையைப் பற்றி அவன் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

சக்கரம் நின்றது. கடைசியாக ஏறியவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கினார்கள். கிரேன்காரச் சீனர் மழை வருமுன் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அதற்குள் மஞ்சள் கூண்டுக்கு நேர் கீழே வாழையிலை போட்டாகிவிட்டது. பாகான் செராயிலிருந்து வந்திருந்த லத்தீபா அக்கா, தன் கடையில் செய்த பணியாரத்தை ஓரமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். யாரோ சாம்பிராணி போட்டார்கள். காற்றே இல்லை. புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்தது.

அந்தப் புகைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட வாசனை.

வெள்ளிக்கிழமை தவறாமல் படையல் போடும் கலாதேவிதான் இன்றைக்கும் முன்னால் நின்றாள். மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவள். "என் பையனும் மேல அவகூடத்தான் வெளையாடுறான்னு நெனச்சிக்குவேன் தம்பி" என்று ஒருமுறை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அன்று அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

"தம்பி, ராட்டினத்த எடுத்துட்டா பாப்பா எங்க போவா?" என்று கேட்டாள் கலாதேவி. "இத்தனை நாளு பேர் சொல்லிக் கூப்புட்டு வச்சிக்கிட்டோம். எங்க போகணும்னு சொல்லாம விட்டா நடுத்தெருவுல நிக்கும். நீங்கதான் அவளை எங்களுக்குக் காட்டுனீங்க. நீங்களே சொல்லி அனுப்புங்க."

கூட்டம் அடங்கியது. எல்லாருடைய முகமும் அவன் பக்கம் திரும்பியது. தாப்பாவிலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஷர்வின் நேரலைக்காகக் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

இதுதான் சமயம் என்று அவனுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு பெண்ணே இல்லை, எல்லாம் நான் கட்டிய கதை என்று சொல்லிவிட்டால் போதும். அடித்தால் அடிக்கட்டும், துப்பினால் துப்பட்டும். வாயைத் திறந்தான். கலாதேவி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ஷர்வினின் கைப்பேசியில் அவன் முகமே அவனுக்குத் தெரிந்தது. இது எப்படியும் புனிதாவின் காதுக்குப் போகும். சாதாரணமாக ஏதாவது சொல்லி முடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். ராட்டினமும் இன்றோடு ஒழிந்தது.

"நித்திலா," என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மஞ்சள் கூண்டு ஆடுவதை நிறுத்தியது. அதுவரை ஆடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"இங்க இருந்தது போதும்மா," என்றான். குரல் தானாகவே உடைந்தது. கூட்டத்தில் சிலர் விசும்பினார்கள். அந்த விசும்பல் அவனை இன்னும் ஓர் அடி தூக்கிவிட்டது. மேடையில் பேசுகிறவனின் புத்தி. யோசிக்காமல் சொல்லிவிட்டான்: "உங்க அம்மாகிட்ட போயிரும்மா."

கலாதேவி தேம்பினாள். பின்னாலிருந்து யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மேலே 'டக்' என்று ஒன்று கேட்டது. மஞ்சள் கூண்டின் கதவு திறந்து ஒரு தரம் ஆடி நின்றது.

சன்னாசி பிரேக்கிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"எறங்கிருச்சு தம்பி," என்றார். "இப்பப் பாரமே இல்ல."

தனேஸ்வரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்கு ஓடினான். கிரேன் முதல் கூண்டைத் தூக்குவதையோ ரசிகர்கள் சேர்ந்து பாடுவதையோ அவன் பார்க்கவில்லை. சாலைக்கு வந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. அவளுக்கு அம்மா என்று யாருமில்லை, அவளே இல்லை, எல்லாம் கதைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அதையே சொன்னான்.

பாதி வழியில் புனிதா கூப்பிட்டாள்.

"என்னாங்க, எங்க இருக்கீங்க?" அவள் குரலில் பதற்றமில்லை; ஏதோ ஆச்சரியம். "ஒரு சின்னப் பிள்ளை நம்ம கேட்டுக்கு வெளிய நிக்குது. நல்ல மழைங்க. உள்ள வான்னா வரமாட்டேங்குது. பக்கத்து வீட்டுக்கு வந்த பிள்ளையா இருக்குமோ?"

"புனிதா, நீ உள்ள போ. கதவச் சாத்திக்க."

"என்ன பேசுறீங்க? தொப்பலா நனைஞ்சிக்கிட்டு நிக்குது."

"கேட்டத் தொறக்காத! நான் வாரேன். பேரு கீரு கேக்காத புனிதா, கேக்காத..."

இணைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.

புந்தோங்கில் தன் வீட்டு வரிசைக்குள் அவன் திரும்பியபோது மழை சற்றுத் தணிந்திருந்தது. தெருவில் ஆளில்லை. எல்லா வீட்டிலும் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அவன் வீட்டு கேட்டுக்கு உட்புறம் புனிதா ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், குளித்துவிட்டு வரும் பிள்ளைக்கு நீட்டுவதைப் போல. கேட்டுக்கு வெளியே யாருமில்லை.

கேட்டுக்கு வெளியே தரை நனைந்திருந்தது. ஒரு சிறிய இடம் மட்டும் காய்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள் புனிதா. அவனைப் பார்க்காமல், அந்தக் காய்ந்த இடத்துக்கு இரண்டடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு கேட்டேங்க. சொல்லிச்சு."

அவன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அந்தப் பேரு உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்?"

"நீ லைவ் பாத்தியா?" என்றான். கடைசி நப்பாசை. "ஷர்வின் போட்ட லைவ பாத்தியா புனிதா?"

"என்ன லைவ்?"

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தெருவில், மழையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். கதை கட்டியதை, பெயர் வைத்ததை, வெள்ளிக்கிழமைப் படையலை, இன்றைக்குச் சொன்ன வார்த்தையை. எதையும் பூசி மெழுகவில்லை. அந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்க அவனுக்கு ஆசையாக இருந்தது என்பதையும் சொன்னான்.

புனிதா துண்டைத் தாழ்த்தவே இல்லை.

"எனக்கும் ஆசையாத்தாங்க இருந்துச்சு," என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நான் ஒரு தரம் கூப்புடக் கூடாதுன்னு வாயப் பொத்துனீங்க. ஊரையே கூப்புட வச்சிருக்கீங்க."

"தப்புத்தான் புனிதா. நான் செஞ்சது பெரிய தப்பு. ஆனா நீ கூப்புட்டுராத. பெரியவங்க சொன்னாங்கல்ல... கூப்புட்டா உள்ள வந்துரும்."

புனிதா இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள். குனிந்து, இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்துச் சொன்னாள்.

"நித்திலா. வாடா செல்லம்."

துண்டு நடுவில் மெல்லப் புடைத்தது.

அவள் அதைச் சுற்றிப் போர்த்தினாள். தலை துவட்டினாள். காதுக்குப் பின்னால் துவட்டினாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கைகளுக்கு நடுவே ஈரமாகிக்கொண்டு வரும் துண்டு மட்டும்தான். கேட் மெதுவாகச் சாத்திக்கொண்டது. புனிதா அதைத் தொடவில்லை.

"புனிதா!"

அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். ஒரு கை இடுப்புக்குக் கீழே, எதையோ பிடித்தபடி இருந்தது. அவள் பக்கவாட்டில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இந்த வருஷம் திரும்பி வந்ததைவிடப் பெரிய சிரிப்பு.

"என்ன சொல்லுது?" என்றான் தனேஸ்வரன். அவனையறியாமலே கேட்டுவிட்டான்.

"உங்களைத்தாங்க காட்டிக் கேக்குறா," என்றாள் புனிதா. "'அவரையும் உள்ள விடணுமாம்மா?'ன்னு கேக்குறா."

அவன் கேட்டில் கையை வைத்துத் தள்ளினான். பூட்டுமில்லை, தாழ்ப்பாளும் போடவில்லை. ஒரு விரல் அளவுக்குத் திறந்த கேட், அதற்கு மேல் நகரவில்லை. மறுபுறத்தில், அவன் முழங்கால் உயரத்தில், யாரோ முழுப் பலத்தையும் கொடுத்து அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் புனிதாவைப் பார்த்தான். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.